சர்க்கரை கார்டு

2020 ஏப்ரல் முதல் வாரம். வெயில் ஏறுவதற்கு முன்பே ரேசன் கடை சேல்ஸ்மேனும் கூட ஒரு பையனும் எங்கள் வீதிக்குக் கொரோனா ஊரடங்கு நிவாரண டோக்கன் கொடுக்க வந்தார்கள். பள்ளிபாளையத்து லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக எட்டுக் கதவு இருக்கும். ஒவ்வொரு கதவாகத் தட்டி, நோட்டைப் பார்த்துப் பேர் சொல்லி, டோக்கனைக் கையில் கொடுத்துக்கொண்டே வந்தவர்கள் ஐந்தாவது கதவிலிருந்து நேராக ஏழாவது கதவுக்குப் போய்விட்டார்கள். ஆறாவது எங்களுடையது.

நான் வாசலில்தான் நின்றிருந்தேன். "ஏனுங்ண்ணா, எங்களை உட்டுட்டுப் போறீங்க?" என்றேன்.

"உங்களுது சர்க்கரை கார்டுங்க அம்மிணி. அரிசி கார்டுக்குத்தான் ஆயிரம்" என்றார், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

உள்ளே பாயில் படுத்திருந்த வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் ஏன் திரும்பிப் படுத்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பதினைந்து வருசம் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் நாலு தறி சொந்தமாக ஓடியது. தனிக்குடித்தனம் வந்ததும் தனி ரேசன் கார்டு கேட்டு எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு வந்தவர், "அரிசி வேணுமுங்களா, சர்க்கரை போதுமுங்களா?" என்று கேட்டார். "ரேசன் அரிசி நாங்க திங்கறதில்லீங்க" என்று இவர் சொன்ன தோரணை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. ரேசன் அரிசி என்றால் மாட்டுக்கு, கோழிக்கு, மிஞ்சிப் போனால் இட்லிக்கு. சோறு வடிக்கக் கடையில் பொன்னி வாங்க வேண்டும், அதுதான் மரியாதை. அப்புறம் தறி நாலும் கடனில் போயிற்று. இவர் இன்னொருத்தர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டப் போனார், நான் தறிக்கு நூல் தார் சுற்றப் போனேன். கார்டு மட்டும் முதலாளி வீட்டுக் கார்டாகவே இருந்துவிட்டது.

மாற்றுவதற்கு வழி வராமல் இல்லை. 2019 நவம்பரில் சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு ஒரு வாரம்போலக் கெடு கொடுத்தது. கடையில் போர்டும் வைத்திருந்தார்கள். நான் படித்தேன். அன்றைக்கு இரண்டு ஷிப்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும், இருபது கிலோ அரிசிக்காக அலைவானேன் என்று விட்டுவிட்டேன். நாலே மாதத்தில் அந்த ஒரு நாள் கூலிக்கு என்ன விலை என்று தெரிந்துவிட்டது.

2020 மார்ச் 22 அன்று, மக்கள் ஊரடங்கு நாளிலேயே, சென்னை, காஞ்சிபுரத்தோடு சேர்த்து ஈரோட்டையும் முடக்க வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் போட்டிருந்தார்கள். ஈரோடு எங்களுக்கு ஆற்றுக்கு அக்கரைதான். மாவட்டம் வேறு என்பதே அதுவரைக்கும் எங்களுக்குப் பாதி மறந்துபோன சங்கதி. 24ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு 144. அன்று மத்தியானம் வரைக்கும் பாவு ஓடியது. ஆறு மணிக்குப் பட்டறைக்காரர் மெயினை அணைத்தார். எங்கள் ஊரில் தறிச் சத்தம் இல்லாத ராத்திரி என்றால் தீபாவளியும் பொங்கலும்தான். அன்றைக்கு எங்கள் சின்னவள் தூக்கம் வரவில்லை என்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

அதே நாள் சட்டசபையில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்ததுதான் அந்த ஆயிரம் ரூபாய். அரிசி பெறும் கார்டுகளுக்கு ஆயிரம் ரூபாய் ரொக்கம், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம். எங்கள் கார்டுக்குப் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் வந்தன. பணமும் அரிசியும் இல்லை. வீட்டில் ஐந்து கிலோ சர்க்கரை இருந்தது, வடிக்க அரிசி இல்லை. இதைச் சொல்லி இப்போது சிரிக்கிறோம்.

டோக்கன் வந்த மறுநாள் ராத்திரி, ஐந்தாவது கதவு அக்கா ஒரு போசியில் அரிசி கொண்டுவந்து, மேலே துண்டைப் போட்டு மூடி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி வழியாக என் கையில் கொடுத்தார். ஒரு வள்ளம் இருக்கும். "தம்பிகிட்டச் சொல்லாதே" என்றார். வடித்துப் போட்டேன். குண்டு குண்டாக இருந்தது சோறு, பொன்னி இல்லை என்று குருடனுக்கும் தெரியும். இவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆகவே யார் என்னிடம் உதவித் திட்டம் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, உங்கள் கார்டில் என்ன எழுத்து இருக்கிறது என்றுதான். ஸ்மார்ட் கார்டில் அது அச்சிட்டிருக்கும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம், அரிசி உண்டு. அந்தியோதயாவுக்குத் தனிக் குறி, மாதம் 35 கிலோ. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லை, ஆனாலும் தமிழ்நாட்டில் அரிசி உண்டு. அதோடு கூட ஓர் எஸ் சேர்ந்திருந்தால் சர்க்கரை கார்டு. என்.சி. என்று முடிந்தால் எந்தப் பொருளும் இல்லாத வெறும் அடையாள அட்டை. மத்திய அரசு அந்த மார்ச் 26ஆம் தேதி அறிவித்த ஆளுக்கு ஐந்து கிலோ கூடுதல் தானியம் முன்னுரிமை, அந்தியோதயா கார்டுகளை வைத்துத்தான். மாநிலத்தின் ஆயிரம் எல்லா அரிசி கார்டுக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடும் முன்னால் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

அடுத்தது பேங்கு. ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஐந்நூறு ஐந்நூறாகப் போடுவார்கள் என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் லைனில் இருந்த எட்டுப் பெண்களும் எங்களுக்கும் ஜன்தன்தான் என்று நம்பினோம். உண்மையில் ஜன்தன் மூன்றே பேருக்குத்தான். மற்றவர்களுடையது மகளிர் குழுவுக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ திறந்த சாதா சேமிப்புக் கணக்கு. ஜீரோ பேலன்ஸ் என்றாலே ஜன்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கணக்கின் வகை போட்டிருக்கும், இல்லையென்றால் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். ஒன்று சொல்ல வேண்டும், ஜன்தன் கணக்கு ஏழைகளுக்கு என்று இருந்தாலும் ஏழைகள் எல்லாரிடமும் ஜன்தன் கணக்கு இல்லை. அப்படி இல்லாத ஏழையை அந்தத் திட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது.

என்னுடையது ஜன்தன்தான். ஆனால் பேங்கு அக்கரையில், கருங்கல்பாளையத்தில். கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்திருந்தார்கள். 0, 1 என்றால் ஏப்ரல் 3, அப்படியே போய் 8, 9க்கு ஏப்ரல் 9. எனக்கு 7, ஆகவே 8ஆம் தேதி. காலையில் மஞ்சப்பையில் பாஸ்புக்கைப் போட்டுக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன். பாதிப் பாலத்தில் தடுப்பு. போலீஸ்காரர் சத்தம் போடவெல்லாம் இல்லை, "அக்கரைக்கு உடமுடியாதுங்கம்மா, மாவட்டம் வேற" என்றார். கீழே காவிரியில் தண்ணீர் முழங்கால் அளவுதான். இறங்கி நடந்தால் அக்கரைக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது, பொய் சொல்லவில்லை.

அதற்குள் ஊரில் ஒரு புரளி. அந்த நாளில் எடுக்காவிட்டால் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். அப்படியெல்லாம் எடுக்க மாட்டோம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசே மறுத்துச் சொன்னது. ஆனால் மறுப்பு புரளி அளவுக்கு வேகமாக வருவதில்லை. எதிர் லைன் அம்மாயி ஒருவர் வெயிலில் நாலு மணி நேரம் பேங்கு வாசலில் நின்று மயங்கி உட்கார்ந்தது இந்தப் புரளியால்தான்.

என் ஐந்நூறைக் கொண்டுவந்து கொடுத்தது போஸ்ட்மேன். ஆதார் எண்ணோடு இணைந்திருந்தால் எந்தப் பேங்குக் கணக்காக இருந்தாலும் அவரிடம் இருக்கும் சின்ன மெசினில் விரல் வைத்துப் பணம் எடுக்கலாம். இந்த வசதி ஊரடங்குக்கு முன்பே இருந்தது, எங்களுக்குத்தான் தெரியாது. வாசல் திண்ணையில் மெசினை வைத்தார். வலது கட்டைவிரலை வைத்தேன், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், எடுக்கவில்லை. இருபது வருசமாக நூலைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டிருக்கிறது. "இடது கை மோதிர விரலை வையுங்கக்கா, அது அதிகம் வேலை செய்யாத விரலு" என்றார். தேங்காயெண்ணெய்ப் பிசுக்கைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தேன், பட்டென்று எடுத்துக்கொண்டது. ஒரு பைசா கமிஷன் வாங்கவில்லை. 2020 அக்டோபரிலிருந்து ரேசன் கடையிலும் கைரேகை மெசின் வந்தபோது எங்கள் வீதித் தறிக்காரர்கள் பாதிப் பேருக்கு நான் சொன்ன வைத்தியம் இதுதான். கட்டைவிரலோடு மல்லுக்கட்டாமல் மோதிர விரல், சுண்டு விரல் என்று மாற்றிப் பாருங்கள். எதுவுமே எடுக்கவில்லையென்றால் கார்டில் பதிந்த போன் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு அந்த நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போன நம்பரைக் கார்டில் வைத்திருப்பவர்கள் எங்கள் வீதியில் மட்டும் ஒரு டஜன் பேர் இருந்தார்கள்.

அந்த நம்பரால் இன்னொரு பலனும் உண்டு. கடையில் பில் போட்டதும் எஸ்.எம்.எஸ். வரும். ஏழாவது கதவுக்காரர் கையில் வாங்கி வந்தது அரிசி மட்டும், மெசேஜில் பருப்பும் எண்ணெயும் வாங்கியதாக இருந்தது. இருப்பு இல்லை, நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு பில் மட்டும் போட்டிருக்கிறார்கள். கடைக்குப் போய்ச் சத்தம் போட்டால் நாளைக்கு நம்மைத்தான் கடைசியில் நிறுத்துவார்கள். அவர் மகள் போனில் மெசேஜைக் காட்டி, "1967க்குப் பேசட்டுமாங்க, இல்லை இன்னிக்கே தந்துடறீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். அன்றைக்கே கிடைத்தது. 1967 உணவுப் பொருள் வழங்கல் துறையின் புகார் எண். டயல் பண்ணவே வேண்டியிருக்கவில்லை.

பட்டறைக் கதைக்கு வருகிறேன். தொழிலாளர்களுக்கு ஊரடங்குக் காலத்துக்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29இல் மத்திய உள்துறை உத்தரவு போட்டது, மே மாதம் 18ஆம் தேதியோடு அதைத் திரும்பப் பெற்றும்கொண்டது. இடையில் அந்த உத்தரவு எங்கள் பட்டறைச் சிட்டைக்குள் நுழையவே இல்லை. மீட்டர் கூலிக்காரனுக்குச் சம்பளம் ஏது? பட்டறைக்காரர் வாரம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். கெட்ட மனுசர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் நூல் கடைப் பாக்கி, கேட்டுவந்த துணி குடோனில் முடக்கம். ஆனால் அந்த ஐந்நூறையும் முன்பணக் கணக்கில் எழுதினார். ஒன்பது வாரத்துக்கு 4,500. ஏற்கெனவே இருந்த முன்பணத்தின் தலையில் அதுவும் ஏறியது. எங்கள் ஊரில் தறிக்காரன் ஒரு பட்டறையை விட்டு இன்னொரு பட்டறைக்குப் போக வேண்டுமானால் முன்பணத்தை அடைத்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் புது முதலாளி அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். ஆகவே பசிக்கு வாங்கிய ஐந்நூறு ஒவ்வொன்றும் எங்களை அந்தப் பட்டறையோடு இன்னும் ஒரு முடிச்சு இறுக்கிக் கட்டியது. அரசு தரும் ஆயிரம் சின்னத் தொகை, அதை வைத்து என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆயிரம் வந்த வீட்டில் இரண்டு வாரம் முதலாளியிடம் கை நீட்டவில்லை. எங்கள் வீட்டில் நீட்டினோம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது அவ்வளவு.

நலவாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாவது கதவில் அண்ணன், தம்பி இரண்டு பேரும் கொத்து வேலை. அண்ணன் கட்டுமானத் தொழிலாளர் வாரியத்தில் பதிந்து, பாஸ்புக் நகலும் கொடுத்து வைத்திருந்தார். அவருக்கு ரேசன் ஆயிரம் தவிர வாரியத்திலிருந்து இன்னோர் ஆயிரம், 15 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய். தம்பி, "அதெல்லாம் யாரு ஆபீசுக்கு நடக்கறது" என்று பதியாமலே விட்டவர். ஒரே சாரத்தில் நின்று ஒரே சட்டியில் கலவை அள்ளியவர்கள்தான் இரண்டு பேரும். விசைத்தறிக்கும் ஒரு வாரியம் உண்டு. என் வீட்டுக்காரர் அதில் இல்லை. அப்புறம் பதிந்தோம். பதிந்தால் போதாது, புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

எங்கள் பட்டறையில் பீகார்ப் பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் வந்தது. புழுங்கலரிசி. அந்தப் பையன்கள் அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆட்டா இல்லையா தீதி" என்று கேட்டது பாவமாக இருந்தது. எங்கள் சர்க்கரையில் இரண்டு கிலோ கொடுத்து அவர்களிடமிருந்து நாலு கிலோ அரிசி வாங்கினேன். யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம். மே மாதம் ரயில் விட்டதும் கிளம்பிப் போய்விட்டார்கள். இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள்.

மல்லசமுத்திரம் பக்கம் இருக்கும் என் அக்காவுக்கு நூறு நாள் வேலை இருந்தது, கூலியையும் அந்த வருசம் 229இலிருந்து 256 ஆக்கியிருந்தார்கள். எங்களுக்கு அது கிடையாது. பள்ளிபாளையம் நகராட்சி, நூறு நாள் வேலை ஊராட்சிக்கு மட்டும். டவுனில் இருப்பவனுக்கு எப்படியும் பிழைப்பு இருக்கும் என்று யார் கணக்குப் போட்டார்களோ தெரியாது, ஊரடங்கில் முதலில் அறுந்தது டவுன் பிழைப்புதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் தம்பிக்கு பி.எஃப். இருந்தது. ஊரடங்குக்காகத் தனியாக எடுத்துக்கொள்ளலாம், மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதம், எது குறைவோ அது என்று மார்ச் கடைசியில் விதி வந்தது. வந்து என்ன? அவன் பேருக்கு முன்னால் அப்பா இனிஷியல் ஆதாரில் ஓர் எழுத்து, பி.எஃப். கணக்கில் ஊர்ப் பேரையும் சேர்த்து இரண்டு எழுத்து. பேர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டது. கம்பெனி பூட்டிக் கிடக்கிறது, திருத்தத்துக்குக் கம்பெனி ஒப்புதல் வேண்டும். பணம் கைக்கு வந்தபோது ஆகஸ்ட். நம் ஊர் இனிஷியல் வழக்கம் கம்ப்யூட்டருக்குப் புரியாது. ஆதார், பேங்கு, பி.எஃப்., ரேசன் நாலிலும் பேரை ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கும்போது இது அரை நாள் வேலை.

குழு லோன்தான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. வியாழக்கிழமை காலையில் சென்டர் மீட்டிங், தவணையோடு வர வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். ரிசர்வ் வங்கி மார்ச் 27இல் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது, முதலில் மே 31 வரைக்கும், பிறகு ஆகஸ்ட் 31 வரைக்கும். எங்கள் சென்டரில் முக்கால்வாசிப் பேர் அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு. சொல்லில் கொஞ்சம் வித்தியாசம்தான், பணத்தில் நிறைய. எனக்கு அசல் பாக்கி இருபதாயிரம், வட்டி வருசத்துக்கு 22 சதம். ஆறு மாதம் கட்டாமல் இருந்தால் அந்த ஆறு மாத வட்டி மட்டும் 2,200 ரூபாய் கூடும். கட்ட வழியிருப்பவர்கள் கட்டிவிடுவது நல்லது, வழியில்லாதவர்கள் மட்டும் தள்ளிவைக்கட்டும் என்று நான் சொன்னபோது தலைவிக்கே கோபம்.

ஜூன் மாதம் கலெக்‌ஷன் பையன் வந்தான். எந்த நிதி நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. "இப்பக் கட்டலைன்னா அடுத்த லோனு கிடைக்காதுங்கக்கா, பேரு கெட்டுப்போயிரும்" என்றான். இவர் அன்றைக்கு வீட்டில் இருந்தார். நான்தான் பேசினேன். "தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன் தம்பி. முடியாதுன்னா அதை உங்க ஆபீஸ் சீல் போட்டு எழுதிக் குடுத்துரு, வாங்கிக்கறேன்." அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், எழுதித் தரவில்லை. அடுத்த வாரம் வரவுமில்லை. பாவம், அவனும் மாதச் சம்பளக்காரன், டார்கெட் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் வாய்ச்சொல்லாக வந்த மிரட்டலுக்கு எழுத்தில் பதில் கேட்டால் அது நின்றுவிடும் என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றேன். செப்டம்பரில் லோன் கார்டில் புதுத் தவணைக் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டோம், எத்தனை வாரம் கூடியது, எவ்வளவு வட்டி சேர்ந்தது என்று. எழுதி வாங்காத இரண்டு பேருக்கு அப்புறம் தகராறு வந்தது. வட்டிக்கு வட்டி போட்டதை மட்டும் அரசு ஏற்றுக்கொள்ளும் என்று அக்டோபரில் சொன்னார்கள், என் கணக்குக்கு நூறு ரூபாய்போல ஏதோ வந்தது.

2020 டிசம்பரில் மறுபடியும் வழி திறந்தது. 5ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரைக்கும் சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தடவை முதல் நாளே கூலியை விட்டுவிட்டுக் கிளம்பினேன். குமாரபாளையம் தாலூகா ஆபீஸில் எனக்கு முன்னால் நாற்பது பேர். பைக் இருந்தால் தர மாட்டார்கள், மச்சு வீடு என்றால் தர மாட்டார்கள் என்று வரிசையில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கார்டு நகல், எழுதிக் கொடுத்த மனு, அவ்வளவுதான். பொங்கலுக்கு அரிசி கார்டுகளுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார்கள், அதில் எங்களுக்கும் வந்தது. அந்தப் பணம் அப்படியே பட்டறை முன்பணத்துக்குப் போயிற்று.

2021 மே மாதம் இரண்டாவது அலை. முதல் அலையில் பயந்தோம், இரண்டாவதில் செத்தோம் என்பதுதான் உண்மை. எங்கள் வீதியிலேயே மூன்று வீட்டில் சாவு. மே மாதக் கடைசியில் கோயம்புத்தூரில் தினசரித் தொற்று சென்னையைத் தாண்டிப் போனது. மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் ஜூன் 7இல் தளர்வு கொடுத்தபோது கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் என்று நம் பக்கத்து மாவட்டங்களையும் டெல்டாவில் நாலையும் சேர்த்துப் பதினொன்றுக்குக் குறைவாகத்தான் தளர்வு. தறி மறுபடியும் நின்றது.

புதிதாகப் பதவியேற்ற முதலமைச்சர் ஸ்டாலின் முதல் கையெழுத்துகளில் ஒன்றாகப் போட்டது அரிசி கார்டுகளுக்கு நாலாயிரம். மே மாதம் இரண்டாயிரம், ஜூனில் இரண்டாயிரமும் 14 வகை மளிகையும். சேல்ஸ்மேன் அதே ஆள்தான். டோக்கன் கொடுத்துக்கொண்டே வந்தவர் எங்கள் கதவில் நின்று, "அம்மிணி, உங்க பேரு இருக்குது" என்று சிரித்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, ஆனாலும் சிரித்தார்.

மளிகைப் பையைக் கீழே கொட்டி சின்னவள் எண்ணினாள். கோதுமை மாவு ஒரு கிலோ, உப்பு ஒரு கிலோ, ரவை ஒரு கிலோ, சர்க்கரை அரைக் கிலோ, உளுந்து அரைக் கிலோ, புளி கால் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, கடுகு, சீரகம், மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் நூறு நூறு கிராம், டீத்தூள் இருநூறு, ஒரு குளியல் சோப்பு, ஒரு துணி சோப்பு. குளியல் சோப்பைக் கண்டு அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதற்கு முந்தின இரண்டு வாரம் துணி சோப்பைத்தான் உடம்புக்கும் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைக்குப் போய் வாங்கி வந்தது நான் இல்லை. "இன்னிக்கு நான் போறேன்" என்று டோக்கனைக் கேட்டு வாங்கிக்கொண்டு இவரே போனார். இரண்டு மணி நேரம் வட்டத்துக்குள் நின்று, பணத்தைச் சட்டைப் பையிலும் மளிகையைத் தோளிலுமாக வாங்கிக்கொண்டு வந்தார். வரும்போது மட்டும் வீதி வழியாக வரவில்லை. பின்னால் சாக்கடைச் சந்தில் புகுந்து, பொடக்காலிக் கதவைத் தட்டினார்.

"முன்னாடி வர்றதுக்கு என்னவாம்?" என்றேன்.

"பையி கனமா இருந்துச்சு. இது குறுக்கு வழி" என்றார்.

இரண்டும் ஒரே தூரம்தான்.